இஸ்திரிப்பெட்டி

பாதி என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆனால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். வைத்தவர் அப்பா. பாட்டு வகுப்புக்கு நாலு மாதம் போய் நிறுத்தினாள், கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டாள், பத்திரிகை அச்சாகி வந்த பிறகு ஒரு கல்யாணத்தை வேண்டாம் என்றாள். "இவ எதை எடுத்தாலும் பாதிதான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டது, கூப்பிடுகிற பெயராகவே ஒட்டிக்கொண்டது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் வைத்த பெயர் மட்டும் முழுசாக நிலைத்துவிட்டது.

நியாயமாகச் சொன்னால் அவள் அப்படியொன்றும் அரைகுறை இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை அவளுக்கு. கண்ணின் நடுப்புள்ளியும் லென்ஸின் நடுப்புள்ளியும் நேருக்கு நேர் வர வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குச் சாயந்திரத்துக்குள் தலை இடிக்கும். பதினோரு வருஷத்தில் அவள் பொருத்திய கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாள் முழுக்கப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பதில் தலைவலி அவளுக்குத்தான் வரும். அதற்காகக் கைப்பையில் எப்போதும் ஓர் அட்டை வலி மாத்திரை இருக்கும். அந்த மாத்திரையை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் படியேறுகிற பிழைப்பு. நாற்பது வயதில் என்ன தோன்றியதோ, ஓட ஆரம்பித்தான். முதலில் பத்துக் கிலோமீட்டர், பிறகு நாற்பத்திரண்டு, அதுவும் போதாதென்று நூறு. துரத்துவதற்கு ஒரு நாய்கூட இல்லாமல் ஒரு மனுஷன் எதற்கு ஓட வேண்டும் என்பது அண்ணியின் கேள்வி. அதற்கு இன்றுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

அந்த நூறு கிலோமீட்டர் பந்தயம் ஒரு ஏரியைச் சுற்றி நடக்கிறது. சுற்றுக்குப் பத்துக் கிலோமீட்டர், மொத்தம் பத்துச் சுற்று, காலை ஐந்துக்குத் தொடங்கி மாலை ஏழுக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஓடுகிறவர் கூடாரப் பக்கம் வருவார். அங்கே அவருக்கென்று ஒரு மேசை, ஒரு நாற்காலி, கவனித்துக்கொள்ள ஓர் ஆள். தண்ணீர், உப்பு, வாழைப்பழம், காய்ந்த காலுறை எல்லாம் கொடுப்பது அந்த ஆளின் வேலை. என்ன கொடுத்தோம், அவர் எப்படி இருந்தார் என்பதை ஒரு நோட்டிலும் எழுதிவைக்க வேண்டும். போன வருஷம் அந்த ஆள் அண்ணி. எட்டாவது சுற்று முடிந்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவில்லை.

அதனால் இந்த வருஷம் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு தங்கையைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தான்.

"இந்தத் தடவை நீ வா. உங்க அண்ணி பாவம் பார்த்து என்னைக் கவுத்துட்டா."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் கவுத்தேனா? நாற்காலியில உட்கார்ந்து ஊரைக் கூட்டினது யாரு? ஷூவைக் கழட்டுன்னு காலை நீட்டினது யாரு? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குடையுதே குடையுதேன்னா நான் என்ன பண்றது?"

"நான் கழட்டச் சொல்லத்தான் செய்வேன். நீ கழட்டக் கூடாது. அதான் சொல்றேன்." தங்கை பக்கம் திரும்பினான். "பாதி, நல்லாக் கேளு. உடம்பு நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே மனசு நின்னுடும். லிஃப்ட்ல எட்டுப் பேருக்கு மேல ஒருத்தன் கால் வெச்சா மணி கத்துமில்ல? கயிறு அறுந்துடும்னா கத்துது? கயிறு அதுக்கு மேல பத்து மடங்கு தாங்கும். ஓடும்போது மனசு அந்த மணி மாதிரி. அழுவேன், கெஞ்சுவேன், செத்துடுவேன்னு சொல்லுவேன். உன் கால்ல விழுந்தாலும் விழுவேன். எதையும் காதுல வாங்காதே. புடிச்சுத் தள்ளிவிடு."

"நிஜமாவே முடியலன்னா?"

"அதுக்கு ஒரு சொல் வெச்சுக்கலாம். அதைச் சொன்னா மட்டும் நிறுத்து. அதைச் சொல்லிட்டா ஒரு கேள்வி கேட்காம நிறுத்திடு. ஆனா தப்பித்தவறிகூட என் வாயில வராத சொல்லா இருக்கணும்."

"கத்தரிக்கோல்" என்றாள் பாதி.

"புத்தின்னு வெச்சுக்கச் சொல்லு" என்றாள் அண்ணி. "அது தப்பித்தவறிகூட வராது."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு தங்கையின் முகத்தைக் குறும்பாகப் பார்த்து, "இஸ்திரிப்பெட்டி" என்றான். "செத்தாலும் எனக்கு மறக்காது."

பாதிக்கும் மறக்காது. அவளுக்கு அப்போது ஏழு வயது, அவனுக்குப் பதினொன்று. அப்பா நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்துவைத்திருந்த ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துவைத்து அப்பாவை அசத்த நினைத்தாள். சட்டை மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு, ஜன்னலில் ஏதோ சத்தம் கேட்டது என்று பார்க்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முதுகுப் பக்கம் இஸ்திரிப்பெட்டியின் வடிவத்திலேயே கருகியிருந்தது. அப்பா பெல்ட்டை உருவிக்கொண்டு "யாருடா?" என்றார். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, "நான்தான்" என்றான். கதவுக்குப் பின்னால் நின்று அவள் ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து சொல்லவில்லை. அப்பா சாகிறவரைக்கும் சொல்லவில்லை. அண்ணனும் அதற்குப் பிறகு அதைக் கேலி செய்வானே தவிர, ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை.

"நீதான் கல்நெஞ்சக்காரி" என்றான் கிளம்பும்போது. "உனக்குத்தான் இந்த வேலை சரிப்படும்."

அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை முதல் ஐந்து சுற்றும் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஓடினான். வருவான், சிரிப்பான், வேகவைத்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொள்வான், போவான். ஏரிக்கரையின் விளக்குக் கம்பங்களை மாடிகளாக வைத்துக்கொண்டு ஓடுவதாகச் சொன்னான். "மொத்தத் தூரத்தை நினைச்சா காலு கழண்டுடும் பாதி. அடுத்த மாடி மட்டும் நினைச்சாப் போதும்." பக்கத்து மேசையில் கழுத்தில் விசில் மாட்டிய ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், தன் மகளுக்காக உட்கார்ந்திருந்தார். மகள் தூரத்தில் தெரிந்ததும் விசில் ஊதுவார். பாதி அவருக்கு விசில்காரர் என்று பெயர் வைத்து, அவர் கொடுத்த ஆரஞ்சுப்பழத்தையும் தின்றாள்.

ஆறாவது சுற்று முடிவில் மணி கத்த ஆரம்பித்தது. அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். "முடியல பாதி. வயித்தைப் பிரட்டுது. போதும்" என்றான். நாற்காலியைப் பார்த்தான். அவள் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"சொல் சொன்னியா?"

"இல்ல."

"அப்பக் கிளம்பு."

போனான். எழுபத்தெட்டு நிமிஷத்தில் ஏழாவது சுற்றை முடித்துக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பி வந்து, "நல்ல வேளை தள்ளிவிட்டே" என்று அவள் கன்னத்தைத் தட்டினான். விசில்காரர் கைதட்டினார். "பலே! மனசு கெட்டின்னா இதான்மா. ஓடறவருக்கு இல்ல, உனக்குச் சொல்றேன்." ஒரு வேலையை முழுசாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று பாதிக்குத் தோன்றியது அப்போதுதான். அது அவளுக்குப் பழக்கமில்லாத சந்தோஷம். கொஞ்சம் தலைக்கும் ஏறியது.

எட்டாவது சுற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிமிஷம் எடுத்தான். மூன்று ஐம்பத்தைந்துக்கு வந்தபோது நேராக நடக்கவில்லை. முகம் வீங்கி, உதட்டில் உப்புப் பூத்து, கண் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது. விசில்காரரின் மகள் அதே எட்டாவது சுற்றோடு போதும் என்று நிறுத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பாதி அவளை ஏளனமாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"டீ மாதிரிப் போகுது" என்றான் அண்ணன்.

"என்னது?"

"சிறுநீர். கருப்பு டீ மாதிரி. கொஞ்சம்தான் போச்சு."

அது நல்லதில்லை என்று அவளுக்குத் தெரியும். பந்தயம் நடத்துகிறவர்கள் கொடுத்த தாளிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது: நிறம் கறுத்தால் நிறுத்து, மருத்துவக் கூடாரத்துக்கு அனுப்பு, வலி மாத்திரை தரவே தராதே. தாள் அவள் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது.

"தண்ணி பத்தல. குடி" என்றாள்.

குடித்தான். பாதித் தண்ணீர் அவன் சட்டையில் வழிந்தது. பிறகு அவள் தோளைப் பிடித்தான். "பாதி... அதைச் சொல்றேன்."

"எதை?"

"அதை. அந்த..." வாய் திறந்து மூடியது. நெற்றியைச் சுருக்கித் தேடினான். வலது கையை மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்தான். "அப்பா சட்டை. சூடு. சுட்டுச்சே... நீ ஜன்னல்கிட்ட... அது. அதான் சொல்றேன். அது பேரு என்ன?"

புரிந்தது. முதல் சொல்லிலேயே புரிந்தது. புரியாமல் போவதற்கு அதில் எதுவும் இல்லை. பூமியில் இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை அவன் கையால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தான்.

இன்னும் மூன்று மணி நேரமும் ஐந்து நிமிஷமும் இருந்தன. இருபது கிலோமீட்டர்தான் பாக்கி. போன வருஷம் நின்ற அதே இடம். இங்கே நிறுத்தினால் இதுவும் பாதிதான். அண்ணனுடைய பாதி இல்லை, அவளுடைய பாதி. வீட்டுக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அண்ணி சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை அவளால் இப்போதே பார்க்க முடிந்தது.

"சொல்லு பார்ப்போம்" என்றாள். "சொல் வரணும். அதான் பேச்சு."

"வரல."

"வரலன்னா உடம்புல இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம். கிளம்பு அண்ணா."

பக்கத்து மேசையிலிருந்து விசில்காரர் எழுந்து வந்தார். "தம்பி முகம் சரியில்லையேம்மா. கொஞ்சம் உட்காரவெச்சுப் பாரேன்."

"அவரு இப்படித்தான் சார். ஆறாவது சுத்துல பார்த்தீங்கல்ல?"

விசில்காரர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார். பாதி கைப்பையைத் திறந்தாள். அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கி அண்ணனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"உப்பு மாத்திரைதான். முழுங்கு."

அவள் சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. விழுங்கினான். அவனைப் பாதைப் பக்கம் திருப்பி முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். அவன் போன பிறகு நோட்டை எடுத்து, கண்ணாடிக் கடை ரசீதில் எழுதுகிற அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்: எட்டாவது சுற்று. 3.55. தண்ணீர் அரை லிட்டர். உருளைக்கிழங்கு ஒன்று. உப்பு மாத்திரை இரண்டு. சிறுநீர் மஞ்சள். மனநிலை நன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். நோட்டில் மறைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

ஒன்பதாவது சுற்று முடிவில் அவன் நிமிர்ந்து வந்தான். வலி தெரியவில்லை என்றான். பார்த்தாயா, பார்த்தாயா என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு ஐம்பத்தொன்றுக்கு, ஒன்பது நிமிஷம் மிச்சம் வைத்து, அண்ணன் நூறாவது கிலோமீட்டரை முடித்தான். கோட்டைத் தாண்டியதும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கச் சொன்னான். "இனிமே இவளைப் பாதின்னு கூப்பிடுறவன் யாரா இருந்தாலும் என்கிட்ட வரச் சொல்லு" என்று கூடாரமே கேட்கக் கத்தினான். விசில்காரர் மட்டும் அந்தப் படத்தில் நிற்க வரவில்லை.

*

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவள் ஒரு லென்ஸில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் அழைப்பு வந்தது.

"எழுந்திருக்கவே முடியலங்கறாரு. தொடை ரெண்டும் கல்லு மாதிரி வீங்கியிருக்கு. நேத்திலேருந்து சொட்டு சிறுநீர் போகல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அந்த நோட்டை எடுத்துட்டு வா, டாக்டர் கேட்கறாங்க."

புள்ளி வைத்த பேனா அவள் கையிலேயே இருந்தது. லென்ஸில் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளி விழுந்திருந்தது. அதைத் துடைக்காமலேயே கிளம்பினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடி இடது பக்கம் லேசாக இறங்கியிருந்தது. கையை நீட்டிச் சரிசெய்ய வேண்டும் போலிருந்தது பாதிக்கு. வேறு எதையாவது சரிசெய்ய முடிந்தால் தேவலை என்றிருந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டினாள். "அடேயப்பா. யாரு இவ்வளவு ஒழுங்கா எழுதினது?"

"இவதான்" என்றாள் அண்ணி. அந்த நிலைமையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"தசை உடைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. அது போய் கிட்னியை அடைக்குது. வலி மாத்திரை எதுவும் போடலயே?"

"நோட்டுல இல்லையே டாக்டர்" என்றாள் அண்ணி.

இதுதான் சமயம். பாதி வாயைத் திறந்தாள். "குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வரட்டுமா?" என்றாள்.

அண்ணன் கட்டிலில் கிடந்தான். இரண்டு கையிலும் குழாய். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் ஒரு விரற்கடை அளவுக்குக் கறுப்பாக ஏதோ தேங்கியிருந்தது. ஆனால் பதக்கம் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது, அதை நர்சிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"இவதான் என் தங்கச்சி. இவ இல்லன்னா முடிச்சிருக்க மாட்டேன். எட்டாவது சுத்து எனக்கு ஞாபகமே இல்ல சிஸ்டர், அப்படியே இருட்டு. ஆனா ஒண்ணு. ஒரு சொல் வெச்சிருந்தோம். அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்ல. ஒரு தடவைகூடச் சொல்லல. கேட்டுப் பாருங்க."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பாதி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்காக அவள் பிறகு வெட்கப்பட்ட அளவுக்கு மாத்திரைக்காகக்கூட வெட்கப்படவில்லை.

நாலு மணி நேரம் வராந்தாவில் நடந்தாள். சொன்னால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒரு பக்கம். சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது, மருந்து அதேதான் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது நினைப்பு வசதியாக இருந்ததால் அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். மணி சும்மா பயங்காட்டும் என்று அண்ணன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை அவனோடு வேலை செய்த ஒருவன், கத்துகிற மணியின் வயரைப் பிடுங்கிவிட்டு லிஃப்டை ஓடவிட்டான்; அதற்காக அவனை அண்ணன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறான். மணி கத்தினால் பயப்படாதே என்றுதான் அண்ணன் சொன்னான். வயரைப் பிடுங்கு என்று சொல்லவில்லை.

மூன்று மணிக்கு டாக்டர் இரண்டாவது பரிசோதனைத் தாளோடு வந்தாள். நோட்டும் கையில் இருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல. நோட்டுப்படி நேத்து சாயந்திரம் வரைக்கும் சிறுநீர் மஞ்சளாத்தான் போயிருக்கு. அப்படின்னா நேரமே பத்தாது, இவ்வளவு மோசமாகியிருக்கக் கூடாது. ரத்தம் வேற கதை சொல்லுது. இதுல இருக்கறது எல்லாம் சரியாம்மா?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"சரியில்ல" என்றாள் பாதி. "மூணு ஐம்பத்தஞ்சுக்கே கருப்பு. டீ மாதிரின்னு சொன்னாரு. நான் மஞ்சள்னு எழுதினேன். அதுக்கப்புறம் ரெண்டு வலி மாத்திரை கொடுத்தேன். உப்பு மாத்திரைன்னு சொல்லிக் கொடுத்தேன். அவருக்குத் தெரியாது."

அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். இரண்டு குழி காலியாக இருந்தது. டாக்டர் திட்டவில்லை. பெயரைப் படித்தாள், எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தாள், நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். சாயந்திரமே டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணி எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் நான் ஷூவைக் கழட்டினேன்" என்றாள் கடைசியில். "ஒரு வருஷம் பூரா என்னைக் கேலி பண்ணினீங்க. ரெண்டு பேரும்."

"அண்ணி..."

"அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு. கிட்னி பொழைச்சப்புறம் சொல்லு."

*

பிழைத்தது. மூன்று தடவை டயாலிசிஸ் ஆன பிறகு, ஐந்தாம் நாள் காலை, பையில் தேங்கியது பழுப்பாகி, மத்தியானத்துக்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. அண்ணி அந்தப் பையைப் பார்த்து அழுதாள். வாழ்க்கையில் இதற்கெல்லாம் அழ வேண்டியிருக்கும் என்று யாராவது அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காப்பி குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனாள்.

பாதி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை உரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் ஒன்று நீட்டினான்.

"அடுத்த வருஷம் உங்க அண்ணி விட மாட்டா" என்றான். "பரவாயில்ல. ஒரு தடவை முடிச்சாச்சு. சொல்லைச் சொல்லாம முடிச்சாச்சு. போதும் எனக்கு."

"நீ சொன்னே அண்ணா."

"என்ன சொன்னேன்?"

"எட்டாவது சுத்துல. உனக்குப் பேரு வரல. அப்பா சட்டைன்னே. சூடுன்னே. கையை இப்படித் தேய்ச்சுக் காட்டினே. அது பேரு என்னன்னு என்கிட்டயே கேட்டே."

அவன் கை சுளையோடு அப்படியே நின்றது. "உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது."

"எப்ப?"

"அப்பவே. நீ அப்பா சட்டைன்னதுமே."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பழக்கத்தில் அண்ணன் அந்தச் சத்தம் போகிற திசையில் தலையைத் திருப்பிவிட்டுத் திரும்ப அவளைப் பார்த்தான்.

"அப்புறம் ஏன்?"

நாலு நாளாக இதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தாள். நீதானே எதையும் காதில் வாங்காதே என்றாய், ஆறாவது சுற்றிலும் இப்படித்தானே இருந்தாய், உனக்காகத்தான், உன் ஆசைக்காகத்தான். அவன் முகத்துக்கு எதிரே அதில் ஒன்றைக்கூட எடுத்துவைக்க முடியவில்லை.

"எனக்கு முடிக்கணும்னு ஆசையா இருந்துச்சு" என்றாள். "உனக்காக இல்ல. எனக்கு." பிறகு மாத்திரையைச் சொன்னாள். நோட்டைச் சொன்னாள். திங்கட்கிழமை தலையாட்டியதைச் சொன்னாள்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சுளையைத் தட்டில் வைத்தான். தலையணைக்குப் பக்கத்திலிருந்த பதக்கத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பி, அதில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப நான் எட்டாவது சுத்துலயே நின்னுட்டேன்" என்றான். "போன வருஷம் மாதிரியே."

இது அவள் கணக்கிலேயே இல்லை. அவனுடைய உடம்பைக் கெடுத்தோம் என்றுதான் ஐந்து நாளும் அழுதிருந்தாள். மிச்சமிருந்த ஒன்றையும் இப்போது பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இல்ல அண்ணா. நீ ஓடினே. நூறையும் நீதான் ஓடினே. எல்லாரும் பார்த்தாங்க."

"மாத்திரை ஓடிச்சு" என்றான்.

"அப்படிச் சொல்லாதே. நான் சொல்லாம இருந்திருக்கணும். இல்ல, அன்னைக்கே நிறுத்தியிருக்கணும். எனக்குத் தெரியல அண்ணா. நான் எப்பவும் இப்படித்தான். அப்பா உன்னை அடிச்சப்பவும் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். ஒரு வார்த்தை சொல்லல. ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டே நின்னேன், பதினாலு அடி அண்ணா, எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, நான் வெளியில வந்து நான்தான்னு சொல்லியிருந்தா அப்பா என்னை ரெண்டு அடியோட விட்டிருப்பாரு, ஆனா நான்..."

அவளால் நிறுத்த முடியவில்லை. அழுகையும் பேச்சும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. மன்னித்துவிட்டேன் என்று அவன் ஒரு சொல் சொல்லுகிறவரைக்கும் பேசிக்கொண்டே இருப்பாள் போலிருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைக்குக் கீழே முகம் எட்டாவது சுற்றில் இருந்த முகமாகவே இருந்தது. இந்தத் தடவை அவள் அதைப் பார்த்தாள்.

ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கினான்.

"இஸ்திரிப்பெட்டி" என்றான். தேடவில்லை, தடுமாறவில்லை, தெளிவாகச் சொன்னான்.

ஒரு கேள்வி கேட்காமல் அவள் நிறுத்தினாள்.